எந்தப் பக்கம், அக்கா?

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று இன்னொருவரிடம் கேட்பது. சுவரில் ஒட்டிய அறிவிப்புகளை விழுந்து விழுந்து படிப்பது போல நடிப்பார்கள். முகம் காட்டிக்கொடுத்துவிடும். நான் பக்கத்தில் போய், "நேரா போய் இடது பக்கம், கண்ணு" என்பேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி ஓடுவார்கள். வெளியே வரும்போது எனக்கு ஒரு தங்கையோ தம்பியோ கிடைத்திருக்கும்.

சம்பளமில்லாத வேலை, சார். மூன்றாம் ஆண்டில் விருப்பப்பட்டவர்கள் ஆளுக்கு ஆறு புதியவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். கழுத்தில் 'வழிகாட்டி' என்று ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். மற்றவர்கள் அதைப் பையில் போட்டுக்கொள்வார்கள். நான் குளிக்கும்போதுதான் கழற்றுவேன்.

நீங்கள் கேட்ட ஸ்க்ரூடிரைவர் என்னுடையதுதான்.

எங்கள் வளாகத்தில் அம்புக்குறிப் பலகைகள் அதிகம். அவற்றைப் பார்த்தே எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டால் எனக்கென்ன வேலை? சிலவற்றைத் திருப்பி வைத்தேன். நூலகம் தேடிப் போனவன் ஜெனரேட்டர் அறை வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பான். நான் தற்செயலாக அந்தப் பக்கம் வருவேன். "நல்லவேளைக்கா, நீங்க வந்தீங்க" என்பான். அதைக் கேட்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். சிரித்துக்கொண்டே இருவரும் நூலகம் போவோம். யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்குக் கிடைத்த ஆறு பேரில் ஒருத்தி மட்டும் தொலையவே இல்லை. கூட்டாளிகள் அவளுக்கு 'மேப்பு' என்று பெயர் வைத்தார்கள். காலில் சக்கரம் கட்டியவள் போல வந்த மறுநாளே வளாகம் முழுக்கச் சுற்றிவிட்டாள். பலகைகளை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். "அந்த அம்பு தப்பாக் காட்டுதுக்கா, ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்று என்னிடமே சொன்னாள். நல்ல பெண். ஆனால் மீதி ஐந்து பேரும் மெல்ல அவளிடமே வழி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"உனக்கு ஏதாவது வேணுமாடா?" என்று நானாகப் போய்க் கேட்டேன்.

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமேக்கா!" என்று சிரித்தாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உதவி கேட்கவே தெரியாத பெண் நாளைக்கு என்ன பாடுபடுவாளோ என்று ஒரே கவலை.

ஆய்வகத்தின் இரண்டாவது மாடியில் அவள் ஒரு பின்கதவைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தள்ளினால் வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு, வகுப்புக்குக் குறுக்குவழி. துருப்பிடித்துவிட்டதென்று ஒருநாள் காலையில் அந்தப் படிக்கட்டை அறுத்து எடுத்துவிட்டார்கள். கதவின் குறுக்கே 'படி இல்லை, வராதீர்கள்' என்று எழுதிய பலகையை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போனார்கள்.

பலகை பார்த்து நடப்பவர்களுக்கு அதைத் திருப்பிவைத்தால் போதும். பார்க்காமல் நடப்பவளுக்கு என்ன செய்வது? கழற்றினேன்.

கதவைத் திறப்பாள், படியைக் காணாமல் திகைத்து நிற்பாள், "பயப்படாதடா, அக்கா இருக்கேன்" என்று கீழிருந்து குரல் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். கீழே போய் நின்றும்கொண்டேன். அவள் வேகமாக நடப்பவள் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போனதும் நான்தான். இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்றார் டாக்டர். அவளுடைய அம்மா, "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டாம்மா" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நாங்கள் ரொம்ப நெருக்கம். சக்கர நாற்காலியை நான்தான் தள்ளுகிறேன். நாற்காலி போகிற, படியில்லாத வழிகள் எனக்குத்தான் தெரியும். பாதை பிரியும் இடத்தில் வேண்டுமென்றே நிற்பேன். "எந்தப் பக்கம்க்கா?" என்பாள். என்ன இனிமையான குரல் தெரியுமா அவளுக்கு!

பலகையைக் கழற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது, சார். வகுப்பு விட்டிருக்கும். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், நான் இல்லாமல் எங்கே போவாள்?