தட்டக் கூடாது என்றொரு விதி

காலையில் சத்தம் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விடியும் நேரத்தில் யாராவது பாத்திரத்தை உருட்டினால்கூட அன்று முழுக்கத் தலை வலிக்கும். குப்பை விதிகளில் தட்டக் கூடாது என்ற வரியைச் சேர்த்ததில் உள்நோக்கம் உண்டா என்று கேட்கிறீர்கள் மேடம், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் தலைநகரத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் என்றாலும், எங்கள் மலையூர்க் குளிர் வந்த அன்றே எலும்பில் தெரிந்திருக்கும். வீடில்லாதவர்கள் தெருமுனையிலுள்ள பெரிய இரும்புக் குப்பைப் பெட்டிக்குள் அட்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அதனால் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் கம்பியால் ஓங்கித் தட்டி, "அறையைக் காலி பண்ணுங்க துரைமாரே, காபி ஆறுது" என்று கூவுவார்கள். உள்ளேயிருந்து யாராவது திட்டிக்கொண்டே எழுந்து வருவார்கள். லாரி தனக்குள் விழுவதை எல்லாம் அரைத்து அமுக்கிவிடும், அதற்காகத்தான். இந்த வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

அப்படித் திட்டிக்கொண்டே எழுந்து வருபவர்களில் ஒருவன் ரூஃபினோ, என் தம்பி. நல்ல தச்சன். எங்கள் அம்மா இன்றும் சாப்பிடும் மேசை அவன் செய்ததுதான். பிறகு குடி அவனைப் பிடித்துக்கொண்டது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகப் போனது, அம்மாவின் கல்யாணச் சால்வையும் போனது. நான் கதவைச் சாத்தினேன். அம்மா மட்டும் தினமும் அவனுக்கென்று ஒரு கிண்ணம் கடலைச் சூப் எடுத்து வைப்பாள். அது ஆறி ஏடு படிந்து கிடக்கும். மாதாவிடம் அவள் வேண்டுவதை ஒருநாள் கேட்டேன்: "ஒண்ணு அவனைக் கூட்டிட்டு வா தாயே, இல்லன்னா கூட்டிட்டுப் போயிடு." முதல் பாதியை நான் பலமுறை முயன்று பார்த்தவன்.

புதிய குப்பை விதிகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தை நடத்துவது நகராட்சியில் என் பொறுப்பு. பள்ளிக்கூட மண்டபத்தில் முறைப்படி நடத்தினேன். விடுதித் தெருக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, தட்டுகிற சத்தத்தில் விருந்தாளிகள் பதறி எழுகிறார்கள் என்று புலம்பினார்கள். பெட்டியைத் தட்டவோ கூவவோ கூடாது என்று எழுதலாமா என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது கசில்டா சோக்கே எழுந்தாள். லாரியில் சுமை ஏற்றுபவள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நாங்க குப்பையைத் தட்டலங்க ஐயா. உள்ள படுத்திருக்கிறவங்களைத்தான் தட்டுறோம். உங்களுக்குத் தெரியாததா?"

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. என் தம்பியைத் தெரியாதவர் ஊரில் இல்லை.

"தட்டக் கூடாதுன்னா சரி, மூடியைத் திறந்து பாத்துட்டுத் தூக்கணும்னாவது எழுதுங்க" என்றாள்.

நியாயமான கோரிக்கை. பரிசீலிக்கிறோம் என்றேன். நீங்களும் அரசாங்கத்தில் இருப்பவர், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். லாரி தாமதமாகும் என்று காரணம் காட்டி அதை விட்டுவிட்டேன். ஆனாலும் தன் முறை வரும்போதெல்லாம் கசில்டா மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளைச் சந்தை கூட்டும் வேலைக்கு மாற்றினேன். சுமை தூக்க வேண்டியதில்லை, அவளுக்கும் நல்லதுதான்.

கடுங்குளிரில் வரும் சான் ஹுவான் பண்டிகைக்கு மறுநாள் காலை, விடுதித் தெருவில் லாரி வந்து சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்கியது. அதன் பிறகு நடந்ததை ஓட்டுநர் உங்களிடம் சொல்லியிருப்பார். பாவம், அவர் இனி அந்த வேலைக்குப் போகமாட்டார். ரூஃபினோவின் கம்பளித் தொப்பியைக் கசில்டாதான் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் அழுதேன். அது நடிப்பில்லை. அம்மா இன்னும் சூப் எடுத்து வைக்கிறாள், வீணாகக் கூடாது என்று நானே குடித்துவிடுவேன்.

அவன் அங்கே படுத்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பண்டிகையன்று மாலை, ஊரெல்லாம் நெருப்பு மூட்டிக் குளிர்காயும்போது, சந்தையில் அவனைப் பார்த்தேன். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தான். பிறகு, "இங்க தூக்கமே இல்லண்ணே. விடியறதுக்குள்ள அந்த கசில்டா அக்கா சந்தை கூட்ட வந்து எழுப்பி விட்டுர்றாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டான். என் போர்வையை அவன் தோளில் போர்த்தினேன்.

"விடுதித் தெருப் பெட்டிக்குப் போடா. அங்க அட்டை நிறைய கிடக்கும். யாரும் தட்டி எழுப்ப மாட்டாங்க" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவனுக்கு அண்ணனாக நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், மேடம். ஒருநாளாவது அவன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் சொன்னேன்.