நாற்பது தோட்டங்களுக்கு ஒரு மூளை

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவதில் பனி உள்ளே வந்து எல்லார் மடியிலும் உட்கார்ந்தது. ஒன்றைத் தவறவிட்டேனோ என்று கவலை. முன்சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரும், கொழும்பிலிருந்து வந்த கம்ப்யூட்டர் எஞ்சினியரும் இருந்தார்கள். எஞ்சினியருக்கு யாழ்ப்பாணப் பேச்சு.

"எங்க ஆபீசுல இருக்கிற கம்ப்யூட்டர் வெறும் முகந்தாங்க. மூளை கொழும்புல இருக்கு," என்றார் கிளாக்கர்.

"ஓம் அண்ணை. எல்லாருக்கும் ஒரே சேர்வர். நாளைக்கு நாப்பது தோட்டமும் சேருது. ஒண்டா இணைச்சுப் பாத்தனாங்கள், வடிவா ஓடினது."

"என்னைக்குப் பார்த்தீங்க?"

"போன பௌர்ணமிக்கு, போயா லீவில."

"போயாவுல யாரு சார் கொழுந்து எடுக்கிறா? மத்த நாள்ல நாப்பது தோட்டத்திலயும் ஒரே நேரத்துல நிறுவை. நாப்பது கிளாக்கரும் கம்ப்யூட்டர்ல ஒண்ணாத் தட்டுவோம். பதிவாகாத ஆளுக்கு அன்னைக்குச் சம்பளம் இல்லைங்க."

பத்தொன்பதாவது வளைவில் எஞ்சினியர் கிளாக்கர் பக்கம் திரும்பினார்.

"சேர்வர் தாங்குமெண்டு கையெழுத்து வைச்சிட்டன், அண்ணை."

"அடுத்த ஹோல்ட்டுல பஸ் நிக்கும். அங்க கடையில போன் இருக்கு, கொழும்புக்குச் சொல்லிடலாம்."

எஞ்சினியர் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார். இறங்கியதும் வெண்மை அவரை மூடிக்கொண்டது. கடைப் பக்கமாக ஓடும் சப்பாத்துச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.