ஹயாத் பாஷா ஏறாத மலை

— நேத்து காலைல அஞ்சரை மணிக்கு நான் வெள்ளிமலை ஏறினேனாம் நர்மதா. போன்ல பூ தூவி வாழ்த்து சொல்லுது.

— அடேங்கப்பா! சந்தோசந்தானே மொதலாளி. இந்த ஒடம்பை வெச்சிக்கினு மலை ஏறுறதுன்னா சும்மாவா?

— அரே, கிண்டல் பண்ணாத. அஞ்சரை மணிக்கு நான் எங்க வூட்டுல, என் பொஞ்சாதி அத்தியா பக்கத்துல குறட்டை வுட்டுக்கினு இருந்தேன். என் வாட்ச்சு உன் கையில இருந்துச்சு. லீவுக்கு ஊருக்குப் போறவ கழட்டி வெச்சிட்டுப் போவ மாட்டியா?

— மறந்துட்டேங்க. இந்தக் கையில என் வாட்ச்சு, அந்தக் கையில உங்க வாட்ச்சு. விடியக்காலைல எங்கம்மாவோட சாமைக் கொல்லைக்கு மேடேறிப் போனேன். அது போயி உங்க பேர்ல ஏறும்னு நான் இன்னாத்த கண்டேன்?

— மெதுவா பேசு. மாடியில மத்த ஸ்டாஃபு பத்து பேரும் காதை நீட்டிக்கினு இருப்பாங்க.

— அவங்க ஒரு மாசமா என் ரெண்டு கையையும் பாத்துக்கினுதான் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியும்ங்கறது உங்களுக்குத்தான் தெரியாது.

— எல்லாம் என் பொண்ணு மாஹிராவால வந்தது. சென்னையில அவ ஆபீஸ்ல இப்பிடித்தானாம். ஸ்டாஃபு நடக்கணும், ஒடம்பு நல்லா இருக்கணும், மாசக் கடைசியில ஜாஸ்தி நடந்தவங்களுக்குப் பரிசு. நானும் நம்பி ஆளுக்கொரு அடி எண்ணற வாட்ச்சு வாங்கிக் குடுத்தேன். மொதல் பரிசு மிக்சின்னேன்.

— ஜவுளிக் கடையில காலைலேர்ந்து ராவு வரைக்கும் நிக்கிறவளுக்கு, இன்னும் நடன்னு ஒரு பரிசு!

— நீதானே ஜெயிச்ச! மிக்சி உனக்குத்தானே வந்துச்சு?

— வந்துச்சு. எங்க ஊர்ல பாதி நேரம் கரண்டு இல்ல. எங்கம்மா அதுக்குப் பொட்டு வெச்சு பரண்ல ஏத்தி வெச்சிருக்காங்க. உங்க பரிசுதான் பெரிய பரிசு. தெனம் எட்டாயிரம் அடி நடந்தா வெள்ளிக்கிழமைக்கு ஒரு கிண்ணம் பிரெட் அல்வா, அத்தியாம்மா கையால.

— சக்கரை வந்த நாள்லேர்ந்து அவ வூட்டுல இனிப்பையே காட்டல நர்மதா. அந்த ஒரு கிண்ணத்துக்காகத்தான் வாரம் பூரா காத்துக்கினு இருக்கேன்.

— நான் நடந்தேன், நீங்க தின்னீங்க. நாலு கிண்ணம்.

— மூணரைன்னு சொல்லு. கடைசியா வந்தது சப்புன்னு இருந்துச்சு. அது கெடக்கட்டும். அத்தியா போனுக்கும் இதே மேப்பு போவும். மாஹிரா அப்பிடித்தான் செட் பண்ணி வெச்சிருக்கா. அவ பாத்துட்டு கேக்கறதுக்குள்ள ஒரு கதை சொல்லிக் குடு.

— தூக்கத்துல நடந்தேன்னு சொல்லுங்க.

— தூக்கத்துல கச்சிராயபாளையம் தாண்டி மலை வரைக்குமா நடப்பாங்க?

— வாட்ச்சு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க.

— அதைப் போன வாரமே சொல்லியாச்சு. அவளோட கார்ல உளுந்தூர்பேட்டைக்குப் போனேன் பாரு, காருக்குள்ளயே ஏழாயிரம் அடி நடந்தேன்னு காட்டிச்சு.

— அப்ப நெசத்தைச் சொல்லிடுங்க.

— நெசமா? அல்வா போயிடும்!

— அல்வாவோட போவுமா மொதலாளி? உங்க அப்பாவுக்கு இந்தச் சக்கரையிலதான் காலை எடுத்தாங்கன்னு அத்தியாம்மா சொல்லுவாங்க.

— அதை எதுக்கு இப்ப இழுக்கற?

— முந்தாநாளு வாசல்ல செருப்பு கழண்டு போனதே தெரியாம கேஷ் கவுன்ட்டர் வரைக்கும் வந்தீங்க. நான்தான் எடுத்தாந்து போட்டேன்.

— பயமா இருக்குது நர்மதா. யார்கிட்டயும் சொல்லல. பயம் வந்தா நடக்கணும்னு தோண மாட்டேங்குது, அல்வாதான் ஞாபகம் வருது.

— அதுக்குன்னு என் காலால எத்தனை நாளு நடப்பீங்க?

— தோ பாரு, இந்த மாசம் மட்டும். உனக்கு இன்னா வேணும், சொல்லு. பட்டுப் பொடவையா?

— சேரு.

— இன்னாது?

— உக்கார ஒரு சேரு. மணிக்கொருக்கா அஞ்சு நிமிசம். காலுல நரம்பு சுருட்டிக்கிச்சு, நின்னுக்கினே இருக்காதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சாயங்காலமானா செருப்புக்குள்ள காலு போவ மாட்டேங்குது.

— அதை மட்டும் கேக்காத. எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில ஸ்டாஃபு உக்காந்ததில்ல. வர்ற கஸ்டமர் இன்னா நினைப்பாங்க?

— காலு வலிக்குதுன்னு நினைப்பாங்க. உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்குதுங்க.

— சட்டம் இருக்கட்டும். நீ உக்காந்துட்டா என் அடி எங்கேர்ந்து வரும்?

— உங்க காலுலேர்ந்து.

— வாயைப் பாரு. இந்த மெத்தை சேர்ல உக்காந்துக்கினு கடையை நடத்தறது எவ்ளோ கஷ்டம்னு உனக்கு இன்னா தெரியும்? ஆமா, வாசல்ல இன்னா லோடு ஆட்டோ? சேரா எறக்குறான்? ஒண்ணு, ரெண்டு… யா அல்லா, பதினொண்ணு! யாரு ஆர்டர் பண்ணது?

— அத்தியாம்மாதான்.

— அத்தியாவா?

— வெள்ளிக்கிழமை காலைல கடைக்கு வந்தாங்க இல்ல, என் ரெண்டு கையையும் பாத்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். குடோன்ல பொடவை பண்டல் மேல உக்காந்து அழுதுட்டாங்க. ‘மாமனாருக்குக் கட்டு மாத்துன கையி இது, இவருக்கும் மாத்த முடியாதுடி’ன்னாங்க.

— அழுதாளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

— அன்னிக்கு மதியம் அல்வாவுல சக்கரை போடாம சொன்னாங்களே.

— அதான் சப்புன்னு இருந்துச்சா! இரு, அப்ப நீ வாட்ச்சை மலைக்கு மறந்து கட்டிக்கினு போனது?

— மறக்கல. அவங்கதான் கட்டிக்கினு போகச் சொன்னாங்க. இன்னா கதை சொல்றாருன்னு பாக்கலாம்னாங்க. பரிசா இன்னா வேணும்னு கேட்டாங்க, சேருன்னேன். எனக்கு ஒண்ணுதான் கேட்டேன், அவங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க.

— அப்புறம் எதுக்கு எங்கிட்டயும் கேட்ட?

— நீங்களா குடுத்தா நல்லா இருக்குமேன்னுதான்.

— …சரி, எனக்கு வெக்கமாத்தான் இருக்குது. எறக்கச் சொல்லு. மொத சேரு உனக்கு, எடுத்துப் போட்டு உக்காரு. ஆட்டோக்காரரு ஏன் இன்னும் நிக்கிறாரு? வாடகை குடுக்கலியா?

— அதெல்லாம் அம்மா குடுத்துட்டாங்க. வூட்டுக்கு ஒரு லோடு ஏத்தணுமாம், அதுக்குத்தான் நிக்கிறாரு.

— கடையிலேர்ந்து வூட்டுக்கா? இன்னா லோடு?

— நீங்க உக்காந்துக்கினு இருக்கற மெத்தை சேரு. எழுந்திரிங்க மொதலாளி.