பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள்

காலை பதினொன்று பத்து. காரியாபட்டியிலிருந்து திருச்சுழிக்கு வரும் சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்... வீடு இல்லை, கடை இல்லை, நிற்பதற்குக் கையகல நிழல்கூட இல்லை. அந்த இடத்தில் ஓர் ஆளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

அவர் பெயர் நாகராஜ். எங்கள் தட்டச்சு வகுப்பில் எனக்குப் பக்கத்து மிஷினில் உட்காரும் பிரவீணாவின் சித்தப்பா.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மாலை வகுப்பு. போன செவ்வாய்க்கிழமை ஏழரைக்குக் கரண்ட் போனது. மாஸ்டர் மெழுகுவத்தி வாங்கக் கீழே இறங்கினார். நாங்கள் ஐந்து பேர் நாற்காலிகளை இழுத்துப் போட்டு ஒரு செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்போதுதான் பிரவீணா இதைச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் நோட்டில் எழுதிவைத்தேன். நேரமெல்லாம் அவள் சொன்னபடிதான். ஓர் இடத்தில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. அது வரும்போது சொல்கிறேன்.

"பகல் பதினோரு மணிக்குப் பேயா? அதுக்கு வெயிலு சுடாதா?" என்றான் அருண்பாண்டியன்.

பிரவீணா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவளுடைய அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் பத்திரிகையை மதுரைக்குக் கொண்டுபோய் மீனாட்சி சன்னதியில் வைத்து வாங்கிவிட்டு, அப்படியே திருச்சுழியில் பெண் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸில் பதினாலு பேர் கிளம்பினார்கள். பதினாலில் குழந்தை ஒன்றுதான். நாகராஜின் மகள் சுகப்பிரியா. நாலு வயது. தமிழ் இன்னும் சரியாக வராது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஆட்களை எண்ண மாட்டார்கள். நாள் முழுக்க இழை எண்ணுகிற கை... அதே விரலை நீட்டி ஆளை எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்று ஒரு பயம். அதனால் வெளியூர் போனால் சௌடேஸ்வரி பெரியம்மா எத்தனை பேரோ அத்தனை கடலை உருண்டை பிடித்து ஒரு மஞ்சப்பையில் எடுத்துக்கொள்வாள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பை. பஸ் கிளம்பியதும் பை முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்குக் கைமாறிப் போகும். வெறும் பையாகத் திரும்பி வந்தால் எல்லோரும் ஏறிவிட்டார்கள். உருண்டை மிஞ்சினால் யாரோ ஏறவில்லை.

"நல்ல டெக்னிக்கு. நான் வந்திருந்தா ரெண்டு எடுத்திருப்பேன்" என்றான் அருண்பாண்டியன்.

"எடுத்திருந்தா பிள்ளை தொலைஞ்சிருக்கும்" என்றாள் பிரவீணா. 

ஒன்பதே காலுக்குக் கோயிலைவிட்டு வெளியே வந்தார்கள். செருப்பு எடுக்கும் இடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. டவுன் பஸ்ஸில் பெண்கள் முன்படி, ஆண்கள் பின்படி. மாட்டுத்தாவணியிலும் அப்படியே சிதறி ஏறினார்கள். பத்து மணிக்கு பஸ் நகர்ந்தது. பை பின்னால் போனது... வெறுமையாகத் திரும்பி வந்தது. பெரியம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குழந்தை பின்னால் அத்தையிடம் இருப்பதாக அம்மா செல்வலட்சுமி நினைத்தாள். முன்னால் அம்மாவிடம் இருப்பதாக அத்தை நினைத்தாள்.

காரியாபட்டி தாண்டியதும் கண்டக்டர் செல்வலட்சுமியிடம் வந்தார்.

"மடியில வைக்கிற பிள்ளன்னு சொன்னீக. அது பின்னாடி சன்னலோரம் தனியா உக்காந்து வருது. நிக்கிறவுக இருக்காக. தூக்கி மடியில வச்சுக்கங்க தாயி."

அவள் எழுந்து போனாள். சன்னலோரம் யாருமில்லை. சீட்டில் கை வைத்துப் பார்த்தாள். ஆள் உட்கார்ந்து எழுந்த சூடு இருந்தது. கருவேலங்கட்டையை எரித்துக் கரிமூட்டம் போட்ட இடத்தில் மழை பெய்தால் ஒரு வாடை வருமே... அந்த வாடை.

கண்டக்டர் சத்தியம் செய்தார். இப்போதுதான் பார்த்தாராம். தலையில் பூ வைத்த பிள்ளையாம்.

பஸ் முழுக்கத் தேடியும் சுகப்பிரியா இல்லை, கோயிலைவிட்டு வந்தபிறகு அவளை யாரும் பார்த்திருக்கவில்லை. செல்வலட்சுமி அங்கேயே மயங்கி விழுந்தாள். பஸ் நின்றது. பதினொன்று இருபதுக்கு எதிரே மதுரை பஸ் வரும், அதற்காகக் காரியாபட்டிக்குத் திரும்ப வேண்டாம், இங்கேயே நிற்கலாம் என்று கண்டக்டர் சொன்னார். நாகராஜ் இறங்கினார். மற்றவர்கள் அவளைத் தூக்கி உட்காரவைத்து, திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவர் கணக்கு இதுதான். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். உள்ளே இருக்கிறவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடுவார்கள். நாலு கோபுரம், நாலு வாசல். கடைசியாகச் செருப்பு எடுக்கும் இடத்தில் பார்த்தேன் என்று செல்வலட்சுமி சொல்லியிருந்தாள். இல்லை, பொற்றாமரைக் குளத்துப் படியில் என்று அத்தை சொல்லியிருந்தாள். பிள்ளை உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் எந்த வாசல் வழியாக எந்தத் தெருவுக்குத் தள்ளப்படுவாள்?

போலீசுக்கு போன் போட்டார். பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். பெயர், வயது... என்ன கலர் பாவாடை?

அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் சாயப்பட்டறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். ஒரு கட்டு நூலைப் பார்த்தால் எத்தனை முறை முக்கியது என்று சொல்வார். மகள் காலையில் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று சொல்ல முடியவில்லை. "இருங்க... இருங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனில் சார்ஜ் போய்விட்டது.

பதினொன்று இருபதுக்கு பஸ் வரவில்லை. பதினொன்று இருபத்தைந்து. கருவேலங்காய்கள் காற்றே இல்லாமல் கலகலவென்று ஆடின. ஓர் இடத்தில் மட்டும் ஆடும்... நிற்கும்... கொஞ்சம் பக்கத்தில் ஆடும்... நிற்கும். அவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வந்த இரண்டு லோடு வண்டிகளுக்குக் கை காட்டினார். நிற்கவில்லை. ரோட்டின் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது வண்டி ஒதுங்கிப் போனது.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு பஸ் வந்தது. ஓடிப்போய் முன்படியில் ஏறினார். விசில் கொடுக்கப்போன கண்டக்டர் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க பாட்டுக்கு ஏறிட்டீக. பிள்ளை பின்படியில நிக்குது பாருங்க. உள்ள கூப்பிடுங்க."

நாகராஜ் திரும்பிப் பார்த்தார். படி காலியாக இருந்தது. அந்த வாடை மட்டும் உள்ளே வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள் என்றாள் எங்களோடு உட்கார்ந்திருந்த ஜெப ஷீலா. அவர் அலறவில்லை. அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் மண்டையில் ஓடியது. பை ஏன் வெறுமையாக வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு சன்னல் சீட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சன்னலோரத்தைக் காலியாக விட்டார். குனிந்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்துத் தெலுங்கில் மெதுவாகப் பேசினார். பிரவீணா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"நீ யார் பெத்த பிள்ளையோ. என் மக இடத்துல வந்து உக்காந்துட்ட. உன்னயக் கோயில் வாசல்லயே கொண்டுபோய் விட்டுர்றேன். என் மகளக் குடுத்துரு."



காரியாபட்டியில் கூட்டம் ஏறியது. கூடையோடு வந்த ஓர் அம்மா, தள்ளி உட்காரச் சொன்னாள். பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்றார் இவர்.

"வெறும் சீட்டுக்கு காவலா? உங்க மாமனார் எழுதிக் குடுத்த சீட்டாய்யா இது?" என்று கேட்டுக்கொண்டே அவள் எட்டிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் போனாள். பின்னால் இரண்டு சீட் காலி. மதுரை வரைக்கும் அவள் உட்காரவில்லை.

பன்னிரண்டு நாலு. மண்டேலா நகரில் இறங்கினார். மாட்டுத்தாவணி போய்த் திரும்பினால் நேரமாகிவிடும். பன்னிரண்டு ஏழுக்கு டவுன் பஸ். அதிலும் பக்கத்து இடத்தைக் காலியாகப் பிடித்துவைத்தார். அவனியாபுரம். வில்லாபுரம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று... தெற்குவாசல் வரும்போது பன்னிரண்டு இருபத்திரண்டு. பஸ்ஸுக்கு முன்னால் நெல் மூட்டை லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. ஹாரன் சத்தம். டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

நாகராஜ் குதித்து ஓடினார்.

மாசி வீதி. ஆவணி மூல வீதி. அந்த ஓட்டத்தில் அவருடைய வலது கையில் இரண்டு விரலை யாரோ பிடித்திருந்தார்கள். சின்னக் கை. அவர் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் விட்டுவிடும்... விட்டுவிட்டால் பேச்சு முறிந்துவிடும் என்று பயம். "வா, வா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினார். எதிரே வந்தவர்கள் அவருக்கு வழிவிட்டதோடு, அவர் பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

தெற்கு கோபுரம். சாத்தியாகிவிட்டது. பன்னிரண்டு முப்பத்தொன்று. சித்திரை வீதியைச் சுற்றிக் கிழக்கு வாசலுக்கு ஓடினார். அங்கே கதவு ஒருக்களித்திருந்தது. கடைசி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

படியில் சுகப்பிரியா உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத் தெளிவில்லாத இடம் இதுதான். பிள்ளையைப் பார்த்தார், உடனே விரலைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது என்று பிரவீணா முதலில் சொன்னாள். ஜெப ஷீலா திரும்பக் கேட்டபோது, கை விட்டது, அதற்குப் பிறகுதான் படியில் பிள்ளை தெரிந்தாள் என்றாள். இரண்டும் ஒன்றில்லை. எது சரி என்று நான் மறுநாளும் கேட்டேன். சித்தப்பாவே இரண்டு விதமாகவும் சொல்கிறார் என்றாள்.

ஒரு பெண் போலீஸ் வந்து விசாரித்தாள். பிள்ளையிடம் பெயர் கேட்டாள். சரியாகச் சொன்னது. இவர் யார் என்று கேட்டாள். அப்பா என்றது. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மூன்று மணி நேரமாக இந்த வாசலில்தான் நிற்கிறேன், பிள்ளை எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை என்றாள். நாகராஜ் மகளைத் தூக்கித் தோளில் போட்டு அழுதார். உச்சி வெயிலில் அந்தக் கல்லில் ஒருவராலும் கால் வைக்க முடியவில்லை, எல்லோரும் குதித்துக் குதித்துப் போனார்கள். பிள்ளையின் பாதம் சில்லென்று இருந்தது.

மூன்றரைக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். குடும்பமே நின்றது. பெரியம்மா பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்தாள். அத்தை மண்ணில் விழுந்து கும்பிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வலட்சுமி ஓடி வந்தாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டுதான் வந்தாள்.

பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். முதலில் பாவாடையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கைகளை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

"இன்னொருத்தி எங்க?" என்று புருஷனிடம் கேட்டாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது. பள்ளிக்கூடம் போகிறது. அதே முகம், அதே குரல், அதே மச்சம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பிரவீணாவும் அதைத்தான் சொன்னாள். டாக்டரிடம் காட்டினார்கள். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார். செல்வலட்சுமி அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுகிறாள், தலை சீவிவிடுகிறாள். ஒரு குறை வைப்பதில்லை. ஆனால் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் பஸ் பிடித்து மதுரைக்குப் போகிறாள். கிழக்கு வாசலில் நிற்கிறாள். உள்ளே போவதில்லை. பன்னிரண்டரைக்கு நடை சாத்துகிறவரைக்கும் வெளியே வருகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்க்கிறாள். சாத்தியதும் பஸ் ஏறித் திரும்பி வருகிறாள்.

கரண்ட் வந்தது. மாஸ்டர் படியேறி வரும் சத்தம் கேட்டது. எங்களில் யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. அவ்வளவுதானா என்று நான் கேட்டேன்.

போன வாரம் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்ததாகப் பிரவீணா சொன்னாள். வெள்ளிக்கிழமை, விடியாத நேரம். சித்தி யாரையும் எழுப்பாமல் குளித்து, விளக்குப் போடாமல் சேலை கட்டி, சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்கினாள். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. தூங்குவதாகத்தான் பிரவீணா நினைத்தாள்.

அது திரும்பாமலே சொன்னது.

"இன்னைக்கும் அவ அங்கன இருக்க மாட்டாம்மா."