நாங்க என்றாள்

வெளிச்சம் வரும் வீட்டுக்கு ஆள் கிடைப்பது சுலபம், சார். என் மாடி முன்பு நூல் குடோனாக இருந்தது. உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், பூசாத செங்கல் சுவர். கூரைக்குக் கீழே பலகைத் தளம் போட்டு, ஏறுவதற்கு இரும்பு ஏணி வைத்தேன். கீழே சமையல், மேலே படுக்கை. தரகர் அதற்கு ‘லாஃப்ட்’ என்று பெயர் வைத்ததும் மவுசு கூடிவிட்டது. மூட்டை அடுக்கிய இடத்தில் குடியேற ஆட்கள் போட்டி போட்டார்கள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். தனியாகத்தான் வந்தாள். வந்த புதிதில், “நாம இந்த ஜன்னலுக்கு ஒரு திரை போடலாமா அங்கிள்?” என்று கேட்டாள். அங்கிள் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ‘நாம’ என்றாளே. என்னையும் சேர்த்துக்கொண்டு சொன்ன சொல் அது. மனைவி போன பிறகு யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. அவள் வேலைக்குப் போன பிறகு மேலே போய்ப் பார்ப்பேன். குழாய் ஒழுகுகிறதா, விளக்கை அணைத்தாளா என்று. எந்த வீட்டுக்காரனும் செய்வதுதான். ஒருநாள் படுக்கை கலைந்து கிடந்தது. நேர்த்தியாக விரித்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே பேச்சு மாறியது. “குழாயை நாங்களே பாத்துக்குறோம் அங்கிள்.”

“யாரும்மா அந்த நாங்க?”

“எங்க அண்ணன் வந்திருக்கார். இனிமே நாங்க ரெண்டு பேர் இருப்போம்.”

என்னைக் கழித்துவிட்டு வேறு யாரையோ சேர்த்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது. வாசலில் பெரிய அளவில் ஒரு ஜோடி ஆண் ஷூ வந்தது. கொடியில் ஒரு சட்டை தொங்கியது. ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. சட்டையில் வியர்வை வாடையே இல்லை. வேறொருவன் என்றால் ஏமாந்திருப்பான். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அவன் வெளியே தலைகாட்டாமல் மேலேயே பதுங்கியிருக்கிறான். சொந்த அண்ணன் எதற்குப் பதுங்க வேண்டும்? கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் வேறு போட்டிருந்தாள். மடியில் கனமில்லாதவளுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? அவள் இல்லாத நேரமாகப் பலமுறை போய்த் தேடினேன். அகப்படவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன்.

அதனால்தான் ஏணியை மேல் பலகையோடு பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினேன். கனமான ஆள் ஏறினால்தான் சாயும் என்று கணக்குப் போட்டேன். அவள் ஒல்லி.

விடுமுறை நாள் காலையில் சத்தம் கேட்டது. சாமான் இறக்குவதற்காகக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். காலி செய்யப்போவதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கியிருக்கிறாள். அந்தப் பெட்டியை நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. “ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க அங்கிள்” என்றாள். நான் மேலே பார்த்தபடி நின்றேன். இப்போதாவது அவன் எட்டிப்பார்க்க வேண்டும் இல்லையா?

“உங்க அண்ணனைக் கூப்பிடேன்” என்றேன்.

“அண்ணன்னு யாருமே இல்ல. நான் மட்டும்தான். பயத்துல சொன்னேன்.”

யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபட்டதில் பாவம், குழம்பியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யாராவது வந்து அவளைத் தூக்கிப்போயிருப்பார்கள், பிழைத்து எழுந்து வேறு வீடு பார்த்திருப்பாள். கதவைத் தாழிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு நிற்க வெகு நேரமானது. போல்ட்டைக் கழற்றியதும் நான்தான், உதவிக்கு ஆள் கூப்பிடாததும் நான்தான். எதையும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடைசிவரைக்கும் நான் அவளைத் தனியாக விடவில்லை, சார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.