அஷ்டமியன்று தட்டிய பதிவு

— மூஞ்சியைத் தொடைச்சிட்டுச் சொல்லுங்க நீலமேகண்ணே. பூசைக்குக் கம்ப்யூட்டரு மெஷினைத் தொடைச்சீங்க, சரி. உள்ள என்ன செஞ்சீங்க?

— என்னத்தச் சொல்றது தையலு! வெளியில மட்டும் சந்தனம் வச்சாப் போதுமா, உள்ளாறயும் சுத்தமா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். ஃபைலு அழிக்கிறது எப்படின்னு நீதானே காட்டிக் குடுத்தே? ஒரே ஒரு ஃபைலுதான் அழிச்சேன். வரிசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத வரி நெடுங்காட்டு ஆளு, அடுத்தது பட்டினம், அதுக்கடுத்தது போலகம். கன்னாபின்னான்னு கிடந்துச்சு. மத்த ஃபைலெல்லாம் நம்பர் வாரியா எவ்வளவு அழகா இருக்கு! இது குப்பைன்னு நெனச்சிட்டேன்.

— அதுதாண்ணே அஷ்டமியன்னிக்கு நம்ம வேலைவாய்ப்பு ஆபீசுக்கு வந்த பதிவு அத்தனையும்.

— அட போம்மா! அதான் பதிவையெல்லாம் அழகா அடுக்கி வச்சிருக்கே மெஷினு?

— அதெல்லாம் பழைய நாளுங்க. வர்றதை உடனே அடுக்க அதால முடியாது. யாரு பதிவு வந்தாலும் மொதல்ல அந்த ஃபைல்ல, வந்த வரிசையிலேயே கடகடன்னு எழுதிப் போட்டுடும். அதே சமயம் தன்னோட நினைவுலயும் வச்சிக்கும். நினைவு ரொம்புனப்புறம்தான் நம்பர் வாரியா அடுக்கி டிஸ்குல புது ஃபைலா இறக்கும். இறக்குனதை அப்புறம் திருத்தவே திருத்தாது. அந்த மாதிரி ஃபைலு நிறைய சேர்ந்து போச்சுன்னா, எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து, ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தா பழசைக் கழிச்சுப் புதுசா எழுதிக்கும். உங்க வீட்டுல நெல்லு அடிச்சதும் நேரா பத்தாயத்துக்கா போவுது?

— எப்படிப் போவும்? களத்துல குவிச்சு, தூத்தி, காயவச்சு, அப்புறம்ல பத்தாயம்.

— அந்தக் களத்தைத்தான் கூட்டித் தள்ளிட்டீங்க.

— அய்யய்யோ! இரு, நினைவுலயும் வச்சிருக்கும்னு சொன்னியே?

— தீவாரணை காட்டுறப்ப சுவிட்சை அணைச்சிட்டீங்க. கரண்டு போனா நினைவு போயிடும். போனாலும் திரும்ப எழுப்பிக்கலாம்னுதான் அந்த ஃபைலை வச்சிருக்கு.

— பூசையில வச்சது ஓடக் கூடாதும்மா. கொத்தனாரு கரண்டியக்கூடத் தொட மாட்டான் அன்னிக்கு. நான் ஒரு முட்டாப்பய… இரு இரு, மாஹே! காரைக்கால்ல தட்டுறது எல்லாம் ராத்திரி போன் லைன்ல மாஹேக்கும் ஒரு பிரதி போவுமே? அவங்க பதிவு ஏனாமுக்கு, ஏனாமோடது பாண்டிக்குன்னு நீதானே சொன்னே? எந்த ஊரு மெஷினு படுத்தாலும் இன்னொரு ஊர்ல இருக்கும்னு?

— காலையில வந்ததும் மாஹேக்குத்தான் டிரங்க் கால் போட்டேன். அவங்க பக்கத்துல அஷ்டமி சாயங்காலமே புத்தகத்தைப் பூசைக்கு வச்சிடுவாங்களாம். நம்மள மாதிரி நவமிக்கு இல்ல. புத்தகத்தோட மெஷினையும் மூடி மாலை போட்டுட்டாங்க. ராத்திரி நம்ம மெஷினு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கு. எடுக்க ஆளில்ல.

— அவங்களும் சாமி, நாமளும் சாமி. நல்லா செஞ்சோம் போ! தையலு, அன்னிக்குத்தான் புதுப்பிக்கக் கடைசி நாளு. சலுகை நாளும் அதோட சரி. பதிவு இல்லேன்னா அத்தனை பேரு சீனியாரிட்டியும் போச்சே! கியூவுல கடைசியில போயி நிக்கணுமே!

— பதறாதீங்க. அன்னிக்கு வந்தவங்க சீட்டுல நம்ம முத்திரையும் தேதியும் இருக்கு. கூப்பிட்டு வாங்கி பாண்டிக்கு அனுப்புனா அங்கேர்ந்து ஏத்திடுவாங்க. மேனேஜர்ட்ட பேசிட்டேன்.

— மாரியாத்தா! இதை மொதல்ல சொல்லக் கூடாதா? உசுரே போயிடுச்சு எனக்கு.

— ஒரே ஒரு சீட்டுலதான் முத்திரை விழலண்ணே.

— அதெப்படி விழாம போவும்? முத்திரை போடாம நான் யாரையும் அனுப்ப மாட்டேனே!

— நீங்க அஷ்டமி சாயங்காலமே முத்திரையைக் கழுவிப் பொட்டு வச்சு, சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டு, மறுநாள் பூசைக்குப் பூ வாங்கக் கிளம்பிட்டீங்க. அதுக்கப்புறம் தட்டுன பதிவு அது. பூசைக்கு வச்சதை எடுக்கக் கூடாதுன்னு, முடிஞ்சதும் போட்டுக்கலாம்னு விட்டாச்சு.

— ஆம்பளையா, பொம்பளையா?

— பொம்பளை. எழுபத்தொன்பதுல பதிஞ்ச சீட்டு. இந்த வருசம் இன்டர்வியூ கார்டு வர்ற இடத்துல இருந்துச்சு. அடுத்த வருசம் வயசு தாண்டிடும்.

— பத்து வருசம்! அடப் பாவி நீலமேகம்… தையலு, மெஷினு தேதியை அஷ்டமிக்குத் தள்ளி வச்சுட்டு அந்த ஒண்ண மட்டும் தட்டிடேன். யாருக்குத் தெரியப்போவுது?

— வேணாண்ணே. தேதியை வச்சுத்தான் எது பழசு, எது புதுசுன்னு அது கழிக்குது. கடிகாரத்துல கை வச்சா வேற யாரோ புதுப்பிச்ச பதிவு பழசுன்னு கழிஞ்சு போவும். அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்றது?

— அப்போ நீ மேனேஜர்ட்ட வாயால சொல்லு. என் கையாலதான் தட்டுனேன், அன்னிக்குத்தான் தட்டுனேன்னு சாட்சி சொல்லு. உன் பேச்சை நம்புவாரு.

— என் சாட்சி செல்லாது.

— ஏன் செல்லாது?

— செல்லாதுண்ணே. விடுங்க. வாங்க, மத்தவங்க சீட்டையெல்லாம் வாங்குற வழியைப் பார்ப்போம். அன்னிக்கு வந்த ரோஷன் பேகத்தோடது பட்டினத்துலேர்ந்து வரணும்.

— விடுறதா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்! எவளோ ஒருத்தி பத்து வருசமா தபால்காரன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் செஞ்ச வேலையில அவ தலையில மண்ணு விழுந்துச்சு. தேதியை மாத்த மாட்டேங்குறே, சாட்சியும் சொல்ல மாட்டேங்குறே. சும்மா கல்லாட்டம் உக்காந்து பேசுறே. உனக்கென்ன, கான்ட்ராக்டோ கீன்ட்ராக்டோ, ஏ.சி.க்குக் கீழ உக்காந்துட்டே.

— திட்டுங்கண்ணே. பரவாயில்ல.

— திட்டல தையலு, வயிறு எரியுது எனக்கு. அவ ஊரு எது? போலகமா, நெடுங்காடா? சைக்கிளை எடுத்துக்கிட்டு இப்பவே போறேன். கால்ல விழறேன். அவளைக் கூட்டிக்கிட்டு பாண்டிக்கே போயி, தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுக்குறேன். வேலை போனாலும் போவட்டும். நீ கூட வந்து ஒரு வார்த்தை சொல்லு, போதும். ஒரே ஒரு வார்த்தை! அதுக்குக்கூடவா மனசு வரல உனக்கு?

— எனக்கு நானே எப்படிண்ணே சாட்சி சொல்லிக்கிறது?