மீன் பெட்டி மூடி

பெரிய மார்க்கெட்டிலிருந்து தவளக்குப்பம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். முன் சீட்டில் மடியில் கேமரா ஸ்டாண்டோடு ஒரு பெண். பக்கத்தில், காலி மீன்கூடையோடு அவளுடைய அண்ணி.

“உன் மீன் பெட்டி மூடியாலதான் அண்ணி என் மூஞ்சியே தெரியுது.”

“தெர்மாகோல் மூடியா? அத ஒரு வாரமா தேடிக்கினு இருக்கேன்டீ!”

“ஜன்னலுக்கு எதிர்ல சாய்ச்சு வெச்சா வெளிச்சம் திரும்பி மேல விழுது. லைட்டே வேணாம். கேமரா மட்டும் நல்லதா வாங்கிட்டேன்.”

“நாத்தம் அடிக்கல?”

“பாக்குறவங்களுக்கு அடிக்காதே.”

ஒரு புடவைக் கடையின் ஆன்லைன் விற்பனைக்காக வீட்டிலிருந்தே கேமரா முன் புடவை கட்டிக் காட்டுகிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் வேலை என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம்.

“ஆளச் செவப்பாக் காட்டுமே, ஃபில்டரோ என்னமோ, அதப் போட்டியா?”

“மொத நாள் போட்டேன். என்னோட சேந்து புடவையும் வெளுத்துச்சு. அரக்குப் புடவை ரோஸாத் தெரிஞ்சுது. வாங்குனவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. அணைச்சுட்டேன்.”

“கருப்பாத் தெரிவியேடீ.”

“தெரிஞ்சேன். அரக்கும் அரக்காத் தெரிஞ்சுது. அப்புறம் ஒண்ணுகூட திரும்பி வரல. காலையில கடைக்காரரு கூப்பிட்டு, நீயே கட்டிக் காட்டு, வேற ஆள் வேணாம்னுட்டாரு.”

அண்ணி கூடையை மடியில் திருப்பி வைத்தாள்.

“பெரிய பெட்டி மூடி ஒண்ணு இருக்கு. கழுவித் தரேன், அதையும் வெச்சுக்க.”

“அப்ப ஐஸு உருகிடாது?”

“சாக்கு போட்டு மூடிக்கிறேன். நீ தெரியணும்டீ.”